ஒரு குடைக்கீழ் வந்த தீவு: ஆறாம் பராக்கிரமபாகுவும் செண்பகப் பெருமாளும்

அசோகனையும் அலெக்சாந்தரையும் இராசராசனையும் அறியாதார் நம்மவருள் இலர். பாடசாலை நூல்கள் அவர்தம் பெருமையை நன்கு புகட்டியுள்ளன. ஆயின், நாம் வாழும் இவ்விலங்கைத் தீவு முழுவதையும் இறுதியாக ஒரு குடைக்கீழ் ஆண்ட சுதேச மன்னன் யாவன், அவ்வாட்சி எவ்வாறு உண்டாயிற்று, எவ்வாறு குலைந்தது என வினவின், விடை கூற வல்லார் சிலரேயாவர். அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பழங்கதை கேட்கும் இன்பத்துக்காக மட்டும் இதனை எழுதப் புகுந்தோமல்லோம். பல ஊர்களும் பல குடிகளும் இரு சமயத்தவரும் அடுத்தடுத்து வாழும் கல்முனைக் கரையில் உள்ள நமக்கு, "ஒன்றுபடுதல்" என்பது மேடைப் பேச்சன்று. அன்றாட வாழ்க்கையின் வினா. அவ்வினாவைச் சரித்திரத்தினிடம் கேட்டுப் பார்ப்போம்.

மூன்றாய்ப் பிரிந்த நாடு

கி. பி. 1215 இற் கலிங்க மாகன் பெரும் படையுடன் வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அதன்பின் இலங்கையின் பழைய இராசதானிகள் வறண்ட வலயத்தை விட்டுத் தெற்கும் மேற்கும் நோக்கி நகர்ந்தன. தம்பதெனியா, யாப்பகுவை, குருநாகல், கம்பளை என ஒன்றன்பின் ஒன்றாகத் தலைநகர் மாறியது. மாகனை நமது மட்டக்களப்புப் பிரதேசம் மறக்கவில்லை. எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962 இற் பதிப்பித்த "மட்டக்களப்பு மான்மியம்" குடிகளையும் கோயில் ஊழியங்களையும் வகுத்தவன் மாகோன் என்றே கூறும்.

வடக்கில் ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசு எழுந்தது. பாண்டியரின் சேனாதிபதியாக 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாப்பகுவை மீது படை நடத்திய ஓர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சிங்கள நூல்கள் குறிப்பிடுகின்றன. மதுரையிற் பாண்டியர் வலி குன்றியதும் யாழ்ப்பாணத்து அரசு தன்னுரிமை பெற்றது. 1344 இல் இலங்கைக்கு வந்த யாத்திரிகர் இபுனு பத்தூத்தா, ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளக் கரையிற் கண்டார். அவனுடைய கப்பல்களையும் முத்துக்களையும் வியந்து எழுதினார். சிவனொளிபாதமலைக்குச் செல்ல அவருக்கு வேண்டிய உதவி புரிந்தவனும் அம்மன்னனே. முஸ்லிம் யாத்திரிகர் ஒருவரைத் தமிழ் மன்னன் ஒருவன் பௌத்தரும் சைவரும் முஸ்லிம்களும் ஒருங்கே வணங்கும் மலைக்கு அனுப்பி வைத்தான் என்னும் செய்தி நாம் நினைவிற் கொள்ளத் தக்கது.

அந்நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தின் கை தெற்கு வரை நீண்டது. கேகாலைப் பகுதியைச் சேர்ந்த கொட்டகமவிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சிங்கையாரியனின் வெற்றியைப் பாடுகிறது. ஆரியச்சக்கரவர்த்தியின் இறை தண்டுவோர் தெற்கிலும் இருந்தனர் எனவும், அழகக்கோனார் என்னும் பிரதானி அவர்களை ஒழித்து எதிர்த்து நின்றான் எனவும் "இராசாவலிய" கூறும். அவன் எழுப்பிய அரணே பின்னர் ஜயவர்த்தனபுரக் கோட்டை எனப் பெயர் பெற்றது. ஆகவே, 1400 ஆம் ஆண்டளவில் இத்தீவில் மூன்று வகை அதிகாரம் நிலவியது. தென்மேற்கில் சிங்கள அரசு. வடக்கில் யாழ்ப்பாண அரசு. இடையிலும் கிழக்கிலும் காடும் குளமும் சூழ்ந்த வன்னிமைகள். வன்னியர் வலியவனுக்குத் திறை கொடுப்பர். அவன் வலி குன்றின் தாமே அரசராவர்.

காலியிற் கிடைத்த கல்

இந்நிலையில், வெளியுலகக் கை ஒன்று குறுக்கிட்டது. சீன நாட்டு மிங் பேரரசன் அனுப்பிய பெருங் கப்பற்படையுடன் தளபதி செங் ஹோ இந்து சமுத்திரத்தில் உலவினார். அவர் யுன்னான் நாட்டிற் பிறந்த முஸ்லிம். 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்ட அவருடைய மும்மொழிக் கல்வெட்டு 1911 இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீன மொழிப் பகுதி புத்தரை வணங்குகிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரை வணங்குகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. தேனவரை நாயனார் என்பார் தெவிநுவரையிற் கோயில் கொண்டிருந்த பெருமாள். மூன்று பகுதிகளிலும் காணிக்கைப் பட்டியல் பெரும்பாலும் ஒத்தே செல்கின்றது. பொன் 1,000, வெள்ளி 5,000 எனத் தொடங்குகின்றது. ஒரு தெய்வத்துக்குக் கூட்டியும் மற்றொன்றுக்குக் குறைத்தும் கொடுத்தாரல்லர். அக்காலத்து இலங்கைத் துறைமுகத்தில் வாணிகம் செய்ய வேண்டுமாயின் இம்மூன்று சாராரையும் ஒப்ப மதித்தல் வேண்டும் என்பதை அத்தளபதி அறிந்திருந்தார். தமிழ் அன்று இலங்கைத் துறைமுகங்களில் ஒரு பொதுமொழியாய் விளங்கியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயின், அதே தளபதி 1411 இல் வாளையும் எடுத்தார். அழகக்கோனார் வழிவந்த வீர அளகேசுவரனோடு பகை மூண்டது. 2,000 வீரருடன் நகரிற் புகுந்து அவனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றனர் என்று சீன வரலாற்றேடுகள் கூறும். பேரரசன் பின்னர் அவனை விடுவித்தான். எனினும் தென்மேற்கில் அரசிருக்கை வெறுமையாயிற்று. அவ்வேளையிற் பட்டமேறியவனே ஆறாம் பராக்கிரமபாகு.

ஐம்பத்தைந்து ஆண்டுகள்

1412 முதல் 1467 வரை ஏறக்குறைய 55 ஆண்டுகள் இம்மன்னன் ஆண்டான். முதலில் இறையிகமவில் இருந்து, பின்னர் கோட்டையைத் தலைநகராக்கினான். மலைநாட்டிற் கிளர்ந்த கலகத்தை அடக்கினான். வன்னியரைத் திறை செலுத்த வைத்தான். கறுவா ஏற்றிச் சென்ற கப்பலொன்று சோழ மண்டலத்து அதிராம்பட்டினத்திற் கொள்ளையிடப்பட்டது என்று கேட்டு, கடல் கடந்து படை அனுப்பித் தண்டித்தான் எனவும் "இராசாவலிய" கூறும். சீனத்துடன் பகைமை பாராட்டாது தூது அனுப்பி வந்தான். யாவற்றையும் ஒருங்கே தொடங்காமல், ஒன்றை முடித்த பின்னரே அடுத்ததைத் தொட்டான். யாழ்ப்பாணத்தின் மேற் படை செல்லப் பட்டமேறி ஏறத்தாழ 40 ஆண்டுகள் காத்திருந்தான்.

அவனை வெறும் படைவீரனாக எண்ணுதல் பிழை. தொட்டகமுவை சிறீ இராகுல தேரர் போன்ற பெரும் புலவர் அவன் காலத்தில் வாழ்ந்தனர். அத்தேரர் இயற்றிய "சாளலிகிணி சந்தேசம்" கோட்டை நகரில் இருந்த ஈசுவரன் கோயிலையும் அங்கே தமிழ்த் தோத்திரங்கள் பாடப்பட்டதையும் வருணிக்கிறது. முன்னேசுவரத் திருக்கோயிலுக்கு நிலங்களை உறுதிப்படுத்தி அம்மன்னன் பொறித்த வடமொழி–தமிழ்ச் சாசனம் இன்றும் அக்கோயிலில் உண்டு. பௌத்த மன்னன் சிவாலயத்துக்குத் தமிழிற் சாசனம் பொறித்தான். அது தயையன்று, அரசியல் அறிவு. குடிகளின் தெய்வத்தையும் மொழியையும் காவாத குடை நெடுநாள் நிழல் தராது என்பதை அவன் அறிந்திருந்தான்.

செண்பகப் பெருமாள் யார்?

யாழ்ப்பாணத்தை வென்றவன் சப்புமல் குமாரயா எனச் சிங்கள நூல்களும், செண்பகப் பெருமாள் எனத் தமிழ் மக்களும் வழங்கும் இளவரசன். அவன் மன்னனின் வளர்ப்பு மகன் என்பதும், மலையாளக் கரையிலிருந்து வந்த ஒருவனின் புதல்வன் என்பதும் மரபு. 1450 ஆம் ஆண்டளவில் வன்னியைக் கடந்து, சாவகச்சேரியைப் பிடித்து, யாழ்ப்பாணத்தை வென்றான். கனகசூரிய சிங்கையாரியன் தன் மக்களுடன் தமிழகம் சென்றான். "கோகில சந்தேசம்" என்னும் சிங்களக் காவியம், தெவிநுவரையிலிருந்து குயில் ஒன்று யாழ்ப்பாணத்தில் ஆளும் இவ்விளவரசனிடம் தூது செல்வதாக அமைந்தது. தீவின் தென் முனையிலிருந்து வட முனை வரை ஒரே ஆணை நடந்த காலம் அது.

நம்முட் பலர் செண்பகப் பெருமாளைத் தமிழரசை வீழ்த்தியவன் என்று வெறுப்பர். வேறு சிலர் அவனை நாட்டை ஒன்றுபடுத்திய வீரன் என்று புகழ்வர். இரண்டும் பாதி உண்மை. அவன் படையெடுப்பால் யாழ்ப்பாணம் துன்புற்றது என்பதை மறைக்கலாகாது. ஆனால், நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் கட்டியத்தில் சிறீசங்கபோதி புவனேகபாகு என்னும் பெயர் இன்றும் ஓதப்படுகிறது. இப்பெயர் பின்னர் ஆறாம் புவனேகபாகு என முடிசூடிய செண்பகப் பெருமாளையே குறிக்கும் என்பர் அறிஞர் பலர். முதல் ஆரியச்சக்கரவர்த்தியின் மந்திரியான புவனேகபாகுவே அக்கோயிலை எடுத்தவன் என்று மயில்வாகனப் புலவரின் "யாழ்ப்பாண வைபவமாலை" கூறும். எதுவாயினும், சங்கபோதி என்னும் சிங்கள அரசப் பட்டம் முருகன் சந்நிதியிற் போற்றப்படுவதை மறுக்க முடியாது. சரித்திரம் நாம் வகுக்கும் "நம்மவர், பிறர்" என்னும் வரம்புக்குள் அடங்குவதில்லை.

கீழ்க்கடலில் இன்னொரு தீவு

இனி, இதே காலத்தில், இதே சீனப் பேரரசின் தொடர்பில், மற்றொரு தீவுக் கூட்டம் ஒன்றுபட்ட கதையையும் காண்போம். யப்பானுக்கும் தைவானுக்கும் இடையிற் கிடக்கும் ரியூக்கியுத் தீவுகளே அவை. அவற்றுட் பெரியதாகிய ஒக்கினாவா, பரப்பில் நமது அம்பாறை மாவட்டத்தின் மூன்றிலொரு பங்கும் இராது. அச்சிறு தீவும் 14 ஆம் நூற்றாண்டில் வடமலை, நடுமலை, தென்மலை என மூன்று அரசுகளாய்ப் பிரிந்து கிடந்தது. நடுமலை அரசன் சாத்தோ 1372 இல் மிங் பேரரசனுக்குத் தூதனுப்பி வாணிகத் தொடர்பு கொண்டான். மற்ற இருவரும் பின்தொடர்ந்தனர்.

அக்காலத்திற் சாசிகி என்னும் சிற்றூரின் தலைவனாயிருந்தவன் ஷோ ஹாஷி. தன் வாளைக் கொடுத்து இரும்பு வாங்கி, அதனை உழவர்க்குக் கருவி செய்யக் கொடுத்தான் என்று அவனைப்பற்றிக் கதை கூறுவர். தென்மலை அரசனுக்கும் அவனுக்கும் இடையே நிகழ்ந்ததாக வேறொரு கதையும் உண்டு. ஷோ ஹாஷியிடம் இருந்த பொன் திரை ஒன்றை அவ்வரசன் விரும்பினான். அதற்கு ஈடாக ஊரார் வயலுக்கு நீர் பாய்ச்சிய ஊற்றை ஷோ ஹாஷி கேட்க, அரசன் கொடுத்துவிட்டான். நீரிழந்த உழவர் அரசனைக் கைவிட்டனர். கதையே ஆயினும், வயலை நம்பி வாழும் நம் பகுதியார்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுமோ? 1406 இல் நடுமலையையும், 1416 இல் வடமலையையும், 1429 இல் தென்மலையையும் வென்று அவன் தீவை ஒன்றாக்கினான். சூரி தலைநகராயிற்று, நாகா துறைமுகமாயிற்று. அங்கிருந்து கப்பல்கள் சீனம், யப்பான், சீயம், யாவா, மலாக்கா வரை சென்றன. மலாக்காவில் 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த தோமே பிரெசு என்னும் போர்த்துக்கேயர், அங்கே வாணிகம் செய்த ரியூக்கியரையும் தமிழரையும் ஒருங்கே குறிப்பிடுகிறார்.

ஒன்று நிலைத்தது, மற்றொன்று சிதைந்தது ஏன்?

இரு தீவுகளுக்கும் ஒரே வேளையில் ஒரே சோதனை வந்தது. 1467 இற் பராக்கிரமபாகு இறந்தான். அவனுடைய பேரன் சயபாகு பட்டமேறினான். யாழ்ப்பாணத்திலிருந்து செண்பகப் பெருமாள் படையுடன் வந்து, சயபாகுவைக் கொன்று, தானே அரசனானான். அந்த இடைவெளியிற் கனகசூரியன் திரும்பி வந்து யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டான். மலைநாடும் சேனாசம்மத விக்கிரமபாகுவின் கீழ்த் தனியரசாயிற்று. 55 ஆண்டு உழைப்புச் சில ஆண்டுகளிற் சிதைந்தது.

ரியூக்கியுவிலும் 1469 இல் அரசன் இறக்க, கனமாரு என்னும் அலுவலன் 1470 இல் அரியணை ஏறினான். அங்கும் உரிமையாளன் அல்லாதவனே அரசனானான். ஆனால் நாடு உடையவில்லை. அவன் மகன் ஷோ சின் 1477 முதல் 1526 வரை ஆண்டு, ஊர்த் தலைவர்களைத் தத்தம் கோட்டைகளை விட்டுச் சூரி நகரில் வந்து குடியேறச் செய்தான். அவர்தம் படைக்கலங்களை அரசு காவலில் வைத்தான். அவர்க்குப் பதவியும் வரிசையும் வகுத்தான். கடல் வாணிகத்தின் வருவாய் தலைநகரின் கையில் இருந்தது. ஆகவே அரசன் மாறினாலும் அரசு மாறவில்லை. 1609 இற் சத்சுமா நாட்டார் படையெடுத்து அடக்கிய பின்னரும், 1879 இல் யப்பான் இணைத்துக் கொள்ளும்வரை அவ்வரசு பெயரளவிலேனும் நின்றது.

கோட்டை அரசில் இருந்த குறை இதுவே. கறுவாவும் மாணிக்கமும் தென்மேற்கின் செல்வம். முத்தும் யானையும் மரக்கலமும் வடக்கின் செல்வம். இவ்விரண்டையும் பிணைக்கும் மன்றமோ, பதவி வரிசையோ, நிலையான ஒழுங்கோ எழவில்லை. வடக்கைத் தெற்குடன் கட்டிய கயிறு செண்பகப் பெருமாள் என்னும் ஒரே மனிதன். அவன் அரியணை நாடித் தெற்கே வந்ததும் கயிறு அறுந்தது. நிலைத்த ஒற்றுமை ஒரு மனிதனின் ஆற்றலிற் பிறக்கலாம். ஆனால் அவ்வாற்றலிலேயே வாழ முடியாது.

ரியூக்கியுவின் ஒற்றுமையையும் முற்றும் புகழ்தல் நேர்மையன்று. நடுவில் இருந்தார்க்கு இனித்த அவ்வொற்றுமை விளிம்பில் இருந்தார்க்குக் கசந்தது. தூரத் தீவுகளாகிய மியாக்கோ, யாயேயாமா மக்கள் மேல் 1637 முதல் 1903 வரை தலைவரி சுமத்தப்பட்டது. தீவின் விளிம்பில் வாழும் நமக்கு இச்செய்தி எளிதில் விளங்கும். நடுவண் கொண்டாடும் ஒற்றுமையை அளந்தறியும் கோல், ஓரத்திலுள்ளவன் அதன்கீழ் எவ்வாறு வாழ்கிறான் என்பதே.

சிதைந்த கோட்டை அரசின் பின்கதையை நாம் அறிவோம். 1505 இற் போர்த்துக்கேயர் வந்தனர். 1521 இல் மூன்று சகோதரர் நாட்டைக் கூறிட்டனர். 1588 இல் தேனவரை நாயனார் கோயில் இடிக்கப்பட்டது. 1619 இல் யாழ்ப்பாணம் வீழ்ந்தது. 1621 இல் நல்லூர்க் கோயிலும் தரைமட்டமாயிற்று. செங் ஹோ மூன்று தெய்வங்களுக்கும் ஒப்பக் காணிக்கை வைத்த மரபு போய், ஒரு சமயமே உண்டென்ற அதிகாரம் கரையோரத்தை ஆண்டது.

நமது கரையும் நமது கடமையும்

இப்பெருங்கதையில் நமது கீழ்க்கரைக்கு உரிய இடம் எது? தம்பிலுவிலிற் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, விசயபாகு தேவர் என்னும் மன்னர் காலத்திற் சிவஞான சங்கரர் கோயிலுக்கு வழங்கிய தருமத்தைக் கூறுகிறது. போர்த்துக்கேயர் தம் ஆட்சியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் 1626 இல் அவர்களுட் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். முன்னரே இங்கு வாழ்ந்த முஸ்லிம்களோடும் தமிழரோடும் அவர்கள் கலந்து வயல் செய்தனர். தாய்வழிக் குடிமுறை இன்றும் இக்கரையிலே தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாயிருப்பது எவரும் ஆணையிட்டு வந்ததன்று; ஒரே நிலத்தில் ஒரே நீரை உண்டு வாழ்ந்ததால் வந்தது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலும் கல்முனைக் கடற்கரைப் பள்ளியும் ஒரே கடலைப் பார்த்து நிற்கின்றன. அண்மைக்காலப் போரும் பகைமையும் இவ்வுறவிற் செய்த காயங்களை நாம் அறியாதவரல்லோம். ஆயினும் காயத்தை மட்டுமே சரித்திரமென்று அடுத்த தலைமுறைக்குக் கொடுப்போமாயின், அது பாதிச் சரித்திரமாகும்.

மற்றொன்றும் கூற வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு வைபவமாலை உண்டு. கோட்டைக்கு இராசாவலிய உண்டு. நமது கரையின் பழைய ஏடுகளோ சிதறிக் கிடந்தன. 1978 ஆம் ஆண்டுச் சூறாவளியும், 1990 ஆம் ஆண்டின் இடப்பெயர்வுகளும், 2004 மார்கழி 26 இன் ஆழிப்பேரலையும் வீடுகளோடு பெட்டகங்களையும் கொண்டுபோயின. எஞ்சிய ஏடுகளும், கோயிற் செப்பேடுகளும், முதியோர் நெஞ்சிலுள்ள குடி வரலாறுகளும் எழுதப்படாவிடின் அவையும் மறையும். காரைதீவு தந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தைப் பல்லாண்டு தேடி 1947 இல் "யாழ் நூல்" ஆக்கித் தந்தார். அவர் பிறந்த மண்ணின் இளைஞர் தம் ஊர்க் கோயிற் கல்வெட்டைப் படியெடுக்கவும் தயங்கலாமா?

ஆகவே, மன்றத்து இளைஞர்களுக்கு நாம் கூறுவது இதுவே. ஒவ்வொரு கோயிலிலும் உள்ள சாசனத்தையும் ஏட்டையும் படியெடுத்து வையுங்கள். நிழற்படமும் பிடித்து வையுங்கள். முதியோரிடம் சென்று குடி வரலாறு கேட்டு எழுதுங்கள். அயலூர் முஸ்லிம் இளைஞரும் தம் பள்ளிவாசற் பதிவுகளை அவ்வாறே திரட்டும்படி அழைத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மன்றத்தை ஒருவர் தோளில் ஏற்றாதீர்கள். கணக்கும் கடமையும் ஆண்டுதோறும் கை மாறும்படி ஒழுங்கு செய்யுங்கள். பெரியோர்களை வேண்டுவதும் ஒன்றுண்டு: உங்கள் பெட்டகங்களைத் திறவுங்கள், நினைவில் உள்ளதை இளையோர் எழுதச் சொல்லுங்கள்.

பராக்கிரமபாகுவின் குடை அவனோடு மடிந்தது. முன்னேசுவரத்திற் பொறித்த அவன் சாசனமும் காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்லும் மடியவில்லை. அவற்றைப் போன்றதொன்றை நம் காலத்தில் நம் கரையில் விட்டுச் செல்வோமாக.